ஒரே நாளில் 200 பை வேண்டாம், தம்பிகளே

ரசிகர் மன்றம், நற்பணி மன்றம், கட்சி இளைஞரணி என்று எந்தப் பெயரில் இயங்கினாலும், தலைவர் பிறந்தநாளன்று ரத்ததான முகாம் நடத்தும் எல்லாத் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரத்த மையத்தில் ஆய்வக நுட்புநர். 2020-இல் விதியைத் திருத்தி ‘ரத்த வங்கி’ என்பதை ‘ரத்த மையம்’ என்று மாற்றினார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனிலிருந்து டீன் வரைக்கும் அது இன்றும் பிளட் பேங்க்தான். முகாம் நாளில் நீங்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். கட்டில் ஓரத்தில் குனிந்து, பையின் டியூபுக்கு சீல் வைத்துக்கொண்டிருப்பேன். வட்டச் செயலாளர் வந்து போட்டோ எடுக்கும்போது, “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பேனர் மறைக்குது” என்பீர்கள். தள்ளி நின்றிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு விஷயத்தில். போன வருடம் உங்களில் ஒரு மன்றம், யாருடையது என்று சொல்ல மாட்டேன், ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தியது. காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்குள் 212 பை. “சாதனைக்கா!” என்று மாவட்டத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்துக்குள் நடந்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். நான் டிப்ளமா படித்த காலத்தில் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருக்கும். ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்படும் குடும்பம் வெளியே வந்தால் அவர்களில் ஒருவர் எழுந்து போவார். பேரம் நடக்கும். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பதை இந்தியா முழுக்க நிறுத்தியது. நான் வேலையில் சேர்ந்ததும் அந்த வருடம்தான். “இனி ரத்தத்துக்கு எங்கே போவது?” என்று எங்கள் மூத்தவர்கள் தலையில் கை வைத்திருந்தார்கள். அந்த இடத்தை நிரப்பியவர்களில் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகள் ஒரு பாதி என்றால், நீங்கள் ஒரு பாதி. தமிழ்நாட்டில் ஒரு ரசிகர், தலைவனுக்குப் பாலாபிஷேகம் செய்த கையோடு முகாமுக்கு வந்து கையை நீட்டுகிறார் என்று வெளிமாநிலத்து நண்பர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கொடுப்பது ஒரு பை. எங்களுக்கு அது மூன்று பை. நீங்கள் கையில் வாங்கிப் பார்க்கும் பையோடு இன்னும் இரண்டு காலிப் பைகள் டியூபால் இணைந்து மடிந்து கிடக்கும், கவனித்திருப்பீர்கள். அதற்கு டிரிபிள் பேக் என்று பெயர். “ஏன்க்கா ரெண்டு பை சும்மா தொங்குது, ஃப்ரீயா?” என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ரத்தம் நம் கண்ணுக்கு ஒரே சிவப்புத் தண்ணீராகத் தெரிந்தாலும், அதில் மூன்று வெவ்வேறு சாமான்கள் கலந்திருக்கின்றன. பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணு. ரத்தக்கசிவை அடைக்க முதலில் ஓடிவரும் பிளேட்லெட், அதாவது தட்டணு. இவை மிதக்கும் வைக்கோல் நிறத் திரவமான பிளாஸ்மா. ரத்தசோகைக்காரருக்கு முதலாவது போதும். டெங்குவில் ரத்தம் கசியும் நோயாளிக்கு இரண்டாவது வேண்டும். கல்லீரல் கெட்டு ரத்தம் உறையாமல் இருப்பவருக்கு மூன்றாவது. மூன்றையும் சேர்த்து ஒருவருக்கே ஏற்றினால் அவருக்குத் தேவையில்லாததும் உடம்பில் போய்ச் சேரும்; மற்ற இரண்டு பேர் காத்துக் கிடப்பார்கள்.

பிரிக்கும் வேலையைச் செய்வது சென்ட்ரிஃபியூஜ். குளிரூட்டி வைத்த பெரிய வாஷிங் மெஷின் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வட்டமாக வாளிகள். எதிரெதிர் வாளிகளின் எடை சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் கல் விழுந்த கிரைண்டர் மாதிரி உதறும். அதனால் ஒவ்வொரு ஜோடியையும் தராசில் வைத்து, குறைகிற பக்கம் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளைப் போட்டுச் சமன் செய்வோம். முதல் சுற்று மெதுவான சுற்று. கனமான சிவப்பணு அடியில் படியும். இலேசான பிளேட்லெட்டுகள் பிளாஸ்மாவிலேயே மிதந்துகொண்டு மேலே நிற்கும். பையை வெளியே எடுக்கும்போது கை நடுங்கக் கூடாது, லேசாகக் குலுங்கினாலும் கலங்கிவிடும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்தினால் மேலே நிற்கும் மஞ்சள் திரவம் டியூப் வழியாக இரண்டாவது பைக்குப் போகும். சிவப்பணு முதல் பையிலேயே தங்கும். அதைத் துண்டித்துவிட்டு, மஞ்சள் பையை மறுபடி மெஷினில் வைத்து வேகமாகச் சுற்றுவோம். இப்போது பிளேட்லெட் அடியில் ஒரு பொட்டுப் போல ஒட்டிக்கொள்ளும். மேலே உள்ள பிளாஸ்மாவை மூன்றாவது பைக்குத் தள்ளி, பிளேட்லெட்டோடு ஐம்பது அறுபது மில்லி மட்டும் விட்டுவைப்போம்.

அந்தப் பொட்டை உடனே கலக்கக் கூடாது. ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு, ஓயாமல் முன்னும் பின்னும் ஆடுகிற தட்டில் வைப்போம். தொட்டில் மாதிரி. அதை நிறுத்தினால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். நல்ல பிளேட்லெட் பையை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தால் உள்ளே பட்டுத்துணி திரும்புவது போல ஒரு மினுமினுப்புச் சுழலும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். மினுமினுப்பு இல்லையென்றால் அணுக்கள் உருக்குலைந்துவிட்டன என்று அர்த்தம்.

இனி உங்கள் 212 பைக்கு வருவோம். எங்கள் மெஷின் ஒன்றுதான். ஒரு சுற்றுக்கு 12 பை கொள்ளும். 212-ஐ 12-ஆல் வகுத்தால் 18 சுற்று. மெதுவான சுற்று, வேகமான சுற்று என்று இரண்டு முறை, ஆக 36. எடை சமன் செய்வது, மெஷின் வேகம் பிடிப்பது, ஓடுவது, நிற்பது, எடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் வைத்தால் 18 மணி நேரம். பிளேட்லெட்டும் நல்ல பிளாஸ்மாவும் வேண்டுமென்றால், ரத்தம் எடுத்த 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். பிளாஸ்மாவில் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தாவது, எட்டாவது காரணிகள் நேரம் போகப்போகக் கெட்டுவிடும். காலை 9 மணிக்குக் கை நீட்டிய தம்பியின் பை மாலை 5 மணிக்குள் மெஷினைக் கண்டாக வேண்டும். அன்று வேன் மண்டபத்திலிருந்து கிளம்பியதே மாலை நான்கரைக்கு, ஏனென்றால் சிறப்பு விருந்தினர் வந்து சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை எங்களை விடவில்லை.

ராத்திரி முழுக்க நின்றோம். நானும் இன்னொரு டெக்னீஷியனும். கடைசியாக வந்த பைகளை முதலில் ஏற்றினோம், அவற்றுக்காவது நேரம் மிச்சமிருந்ததே. எண்பதுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் முழுதாகப் பிரிக்க முடிந்தது. மிச்சம் நூற்று முப்பது பேர் கொடுத்ததில் சிவப்பணு மட்டும் தேறியது. அந்த நூற்று முப்பது பேரின் பிளேட்லெட்டும், உறையவைத்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டிய பிளாஸ்மாவும் யாருக்கும் போகவில்லை.

பிரித்த பிளேட்லெட்டுகளாவது போய்ச் சேர்ந்தனவா? அவற்றின் ஆயுள் 5 நாள். ஃபிரிட்ஜில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரியில், ஏ.சி. அறை சூட்டில், ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 5 நாளில் முதல் நாள் பரிசோதனைக்குப் போய்விடும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் (சிஃபிலிஸ்), மலேரியா என்று ஐந்துக்கும் சோதித்து, முடிவு வந்த பிறகுதான் பையை வெளியே விடலாம். மிச்சம் நாலு நாள். அந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் டெங்கு இல்லை. புற்றுநோய் வார்டில் நாலைந்து பேருக்குக் கேட்டார்கள். பக்கத்து மாவட்டங்களுக்குப் போன் போட்டோம். அங்கேயும் அதே தலைவருக்கு அதே பிறந்தநாள், அங்கேயும் நிரம்பி வழிந்தது. ஆறாம் நாள் காலை ஐம்பதுக்கு மேற்பட்ட பைகளை ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலத்தில் அவித்து, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டினேன். ஒவ்வொரு லேபிளையும் பதிவேட்டில் அடிக்க வேண்டும், அது விதி. அடித்துக்கொண்டே இருந்தேன்.

சிவப்பணுவுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. 350 மில்லி பையில் 35 நாள், சிவப்பணுவைக் கூடுதல் நாள் காக்கும் சேர்ப்புத் திரவம் உள்ள 450 மில்லி பையில் 42 நாள். இங்கேதான் நான் உங்களிடம் காலண்டரை எடுக்கச் சொல்கிறேன். பிப்ரவரி 24, மார்ச் 1, ஜூன் 3, ஜூன் 22, நவம்பர் 7, டிசம்பர் 12. எந்தத் தேதி யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஃபிரிட்ஜுக்கும் தெரியும்.

மார்ச் 1-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 24-க்கும் இதே கதைதான், கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்று கொடுத்த ரத்தத்தின் சிவப்பணு ஏப்ரல் 5-இல் காலாவதி. பெரிய பை என்றால் ஏப்ரல் 12. கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், அதாவது மே 30. ஏப்ரல் நடுவில் கல்லூரிகள் மூடிவிடும், மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெயிலில் வெளியாள் யாரும் முகாமுக்கு வர மாட்டார்கள். விபத்து குறையாது, பிரசவம் நிற்காது. நீங்கள் கொடுத்தது முடிந்துவிட்டது. நீங்களும் கொடுக்க முடியாது. மாவட்டத்தில் மனசு உள்ள இளைஞர்கள் எல்லாரையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டு, தமிழ்நாட்டிலேயே ரத்தம் மிகவும் வறண்டுபோகும் ஒன்றரை மாதத்தை வெறுங்கையோடு எதிர்கொள்கிறோம்.

அந்த ஒன்றரை மாதத்தில் யார் வருகிறார்கள் என்று சொல்லட்டுமா? தலசீமியா உள்ள ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. அவள் உடம்பு சிவப்பணுவைச் சரியாக உற்பத்தி செய்யாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பணு ஏற்றினால்தான் பள்ளிக்கூடம் போக முடியும், ஓட முடியும். அவள் அம்மா பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, தூக்குவாளியில் தயிர்சாதத்தோடு வருவார். மே மாதம் ஒரு திங்கட்கிழமை, அவள் குரூப்பில் எங்களிடம் இருந்தது இரண்டே பை. அதைப் பிரசவ வார்டுக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். “வியாழக்கிழமை வாங்கம்மா” என்றேன். அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, வாளியைக் கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிரசவ வார்டைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் ‘உயிர்காக்கும்’ என்று நீங்கள் பேனரில் அச்சடிக்கும் வார்த்தை நிஜமாக நடப்பது அங்கேதான். பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் போனால் ரத்தம் குழாயைத் திறந்தது போலக் கொட்டும். ராத்திரி 2 மணிக்கு வார்டு ஆயா சீட்டோடு ஓடி வருவார். முதலில் சிவப்பணு கேட்பார்கள். இரண்டு பை, நாலு பை. ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் உறையவைக்கும் காரணிகளும் சேர்ந்து போய்விடும், வெறும் சிவப்பணுவை ஏற்றிப் பயனில்லை. அடுத்த சீட்டு பிளாஸ்மாவுக்கு. மைனஸ் 30 டிகிரியில் கல்லாகக் கிடப்பதை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் போட்டு உருக்க அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை போன் வரும். அதற்கும் அடங்காவிட்டால் ‘கிரையோ’ கேட்பார்கள்.

கிரையோ ஒரு விநோதமான பொருள். உறைந்த பிளாஸ்மாவை 4 டிகிரியில் மெதுவாக உருகவிட்டால் பை அடியில் வெள்ளையாக, மாவுக் குழம்பு போல, ஏதோ மிஞ்சும். 1964-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜூடித் பூல் என்ற பெண் விஞ்ஞானி, அந்த மிச்சத்தில்தான் எட்டாவது காரணி செறிந்திருக்கிறது என்று காட்டினார். அதுவரைக்கும், ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறையான ஹீமோஃபிலியா உள்ள பையன்களுக்கு வாளி வாளியாகப் பிளாஸ்மா ஏற்றியும் போதாமல் இருந்தது. அதன் பிறகு ஒரு பை பிளாஸ்மாவில் இருக்கும் எட்டாவது காரணியின் கணிசமான பகுதி பதினைந்து, இருபது மில்லியில் அடங்கியது. ரத்தத்தை வலைபோலக் கட்டிப்பிடிக்கும் ஃபைப்ரினோஜனும் அதில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் பிரசவ வார்டு கேட்கிறது. உங்களில் ஒருவர் ஜூன் மாதம் கொடுத்த ஒரு கரண்டி பிளாஸ்மா, அடுத்த பிப்ரவரியில் ஒரு தாயைக் காப்பாற்றியிருக்கலாம். நேரத்துக்குள் மெஷினைக் கண்டிருந்தால்.

நேரத்துக்குள் வந்தும் கெட்டுப்போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிரிக்கக் கூடாது: பிரியாணி. முகாமுக்கு முன்னால் மட்டன் பிரியாணி போடுகிறீர்கள். கொழுப்பு நேராக ரத்தத்துக்கு வந்துவிடும். சுற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய பிளாஸ்மா பாதாம் பால் மாதிரி வரும். பரிசோதனை முடிவும் குழம்பும், அந்தப் பிளாஸ்மாவைக் கொடுக்கவும் முடியாது. வெறும் வயிற்றோடும் வரக் கூடாது, மயங்கி விழுவார்கள். முன்னால் நாலு இட்லி, நிறைய தண்ணீர். ரத்தம் கொடுத்த பிறகு பிரியாணியைப் போடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டவர்கள் மூன்று நாளுக்குள் வந்தால் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் ரத்தத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்வோம், ஆனால் அந்தப் பிளேட்லெட் வேலை செய்யாது என்பதால் அதைப் பிரிக்க மாட்டோம்.

டெங்கு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஐப்பசி மழை தொடங்கினால் உங்கள் வாட்ஸப் குழுக்கள் கொதிக்கும். “அவசரம், ஓ பாசிட்டிவ் பிளேட்லெட் 20 யூனிட், உடனே ஷேர் செய்யவும்.” பாதி தகவல் ஒரு வருடத்துக்கு முந்தையது, அந்த நோயாளி குணமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். மீதிப் பாதியில் பதற்றம்தான் அதிகம். எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக யாருக்கும் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. பத்தாயிரத்துக்குக் கீழே போனாலோ, ரத்தக்கசிவு இருந்தாலோதான் டாக்டர்கள் கேட்பார்கள். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். அதற்குச் சரியான அளவில் சலைன் போன்ற திரவம் ஏற்றிக் கண்காணிப்பதே வைத்தியம். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் எங்களை அடிக்க வருகிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உண்மையாகவே பிளேட்லெட் வேண்டிய நோயாளிக்கு உங்களால் செய்ய முடிந்தது வேறு இருக்கிறது. ஒரு சாதாரணப் பிளேட்லெட் பை பெரியவர் ஒருவருக்கு எண்ணிக்கையை ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம்தான் ஏற்றும். அதனால் ஒரு வேளைக்கு ஆறு பை வரை போகும், ஆறு வெவ்வேறு ஆட்களுடையது. அதற்குப் பதில், ஒரே ஆளை மெஷினோடு இணைத்து, பிளேட்லெட்டை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மற்றதை அவர் உடம்புக்கே திருப்பி அனுப்பும் வசதி உண்டு. ஒன்று, ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். அவர் ஒருவரே ஆறு பைக்கு ஈடு. சிவப்பணு போகாததால் 90 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 48 மணி நேர இடைவெளி போதும், வருடத்துக்கு 24 முறை வரை அனுமதி உண்டு. எங்களுக்கு இதற்கு வேண்டியது கூட்டமே இல்லை. கூப்பிட்ட நேரத்தில் பைக்கில் ஏறி வரும் பத்து ஆட்கள். எடை 50 கிலோவுக்கு மேல், ஊசிக்குப் பயப்படாதவர்கள், ஒன்றரை மணி நேரம் போனை நோண்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவர்கள். கடைசித் தகுதி உங்களிடம் நிறையவே உண்டு.

நெகட்டிவ் குரூப்காரர்களைப் பற்றி நான் கேட்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: அவர்களை முகாமில் படுக்கவைக்காதீர்கள். நம் ஊரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் நெகட்டிவ். முகாமில் எடுத்தால் அந்தப் பை கேட்பாரில்லாமல் 35 நாள் கிடந்து காலாவதியாகலாம். 36-ஆம் நாள் ஓ நெகட்டிவ் தாய் ஒருவர் வருவார், கொடுக்க வேண்டிய தம்பிக்கு இன்னும் 54 நாள் பாக்கி இருக்கும். அவர்கள் பெயரையும் நம்பரையும் மட்டும் கொடுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம். எல்லா மையமும் இப்படிக் கேட்காது. என் அனுபவத்தில் நான் கேட்கிறேன்.

ஏபி குரூப் தம்பிகளைக் கிண்டல் செய்வதையும் விடுங்கள். “நீ வாங்க மட்டும்தான் லாயக்கு, உன்னோடது யாருக்கும் சேராது” என்று முகாமில் ஒருவர் சொல்லக் கேட்டேன். சிவப்பணுவுக்கு அது ஓரளவு சரி, ஏபிக்காரருக்கு மட்டும்தான் சேரும். பிளாஸ்மாவுக்கு வந்தால் கதை தலைகீழ். ஏபி ரத்தத்தின் பிளாஸ்மாவில் ஏ-யையும் பி-யையும் எதிர்க்கும் பொருள் இல்லாததால் அது எந்தக் குரூப்காரருக்கும் சேரும். ராத்திரி 2 மணிக்கு, தாயின் குரூப் பார்க்கக்கூட நேரமில்லாதபோது, நான் ஃப்ரீசரில் முதலில் தேடுவது ஏபி பிளாஸ்மாவை.

எங்களுக்கே அதிகமாகப் போகும் பிளாஸ்மாவும் வீணாவதில்லை, நேரத்துக்குள் உறையவைத்திருந்தால். மருந்துத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து அதிலிருந்து ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், உறைவுக் காரணிகள் என்று மருந்துகளைப் பிரித்தெடுக்கின்றன. தீக்காய வார்டில் தொங்கும் ஆல்புமின் பாட்டிலில் எந்தத் தொழிற்சாலையின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது யாரோ கை நீட்டிக் கொடுத்ததுதான்.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். தலைவர் பிறந்தநாளை விட வேண்டாம். அன்று 40 பேர் கொடுங்கள். காலை 9 முதல் 11 வரை. 40 பை என்றால் எங்கள் மெஷினுக்கு நாலு லோடு, எட்டுச் சுற்று; நாலு மணி நேரத்தில் ஒவ்வொரு பையும் மூன்றாகிவிடும். சிறப்பு விருந்தினரை வேனுக்காகக் காத்திருக்கச் சொல்லுங்கள், வேனை அவருக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். மிச்சம் 170 பேருக்கு அன்று குரூப் மட்டும் பார்த்து, எடை, ஹீமோகுளோபின் குறித்து (12.5-க்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டோம் என்பது தெரிந்ததே), பெயர்ப் பட்டியல் போடுவோம். அந்தப் பட்டியலை மாதத்துக்குப் பதினைந்து, இருபது பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே இரண்டுக்கும் முப்பது முப்பதாக வையுங்கள். மகளிரணித் தங்கைகளுக்கு இடைவெளி 120 நாள், அதைக் கணக்கில் சேருங்கள்.

“அப்போ சாதனை எண்ணிக்கை?” என்று ஒரு மன்றச் செயலாளர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். ஞாயமான கேள்விதான், உங்களுக்கும் மேலிடத்துக்குக் காட்ட ஒரு கணக்கு வேண்டும். அதற்கும் வழி சொல்கிறேன். வருட முடிவில், உங்கள் மன்றத்துப் பைகளிலிருந்து எத்தனை சிவப்பணு, எத்தனை பிளேட்லெட், எத்தனை பிளாஸ்மா நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன என்று எங்கள் பதிவேட்டிலிருந்து எண்ணித் தரலாம். நோயாளி பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும். ஒரே நாளில் 212 என்று போட்ட ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் வருடத்தில் 500 என்று ஒரு ஃபிளெக்ஸ் வைத்தால் எது பெரிதாகத் தெரியும் என்று நீங்களே பாருங்கள். எங்கள் மருத்துவ அதிகாரியிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

பட்டியலோடு வருவதென்றால் மதியம் 2 மணிக்கு மேல் வாருங்கள். காலையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் நின்று கூப்பிட்டால் எனக்குக் காது கேட்காது. அந்த இரண்டாம் வகுப்புக் குழந்தையின் குரூப் பி பாசிட்டிவ். அவளுடைய அடுத்த தேதி இந்த மாதம் 18. பி பாசிட்டிவ் தம்பிகள் நாலு பேர் அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தால் போதும்.

இப்படிக்கு,
டியூபுக்கு சீல் வைக்கும் உங்கள் அக்கா